'போறேன்' என்று சொல்லாமல் கிளம்புவது எப்படி? ஸ்பானியத்தில் முடிவும் வருங்காலமும்

ஸ்பானியம் படிக்கத் தொடங்குகிற எல்லாரும் முதல் நாளே 'ஓலா' கற்றுக்கொள்கிறார்கள். வணக்கம் சொல்லத் தெரிந்துவிடுகிறது, பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பத்தான் தெரிவதில்லை. பால் தீர்ந்துபோச்சு, வர்ற வாரம் ஊருக்குப் போகிறேன், இந்நேரம் அவர் வீட்டுக்குப் போயிருப்பார் என்று நாள் முழுக்க நாம் பேசுவதில் பெரும்பங்கு முடிந்ததைப் பற்றியும் இனி வரப்போவதைப் பற்றியும்தான். இந்த வழிகாட்டி அந்தப் பங்குக்கு மட்டும்.

நான் ஆங்கிலப் பாடப்புத்தகத்தை வைத்துப் படித்தேன். அது சுற்றுவழி என்று பிறகுதான் புரிந்தது. இந்த இரண்டு விஷயத்திலும் பல இடங்களில் ஸ்பானியம் யோசிக்கிற விதம் தமிழ் யோசிக்கிற விதம்தான். எங்கே ஒத்துப்போகிறதோ அங்கே தமிழிலிருந்து நேராகப் போய்விடலாம். எங்கே தமிழ் காலை வாரிவிடும் என்பதையும் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு பற்றி இரண்டு வார்த்தை. ஸ்பானியச் சொற்களைத் தமிழ் எழுத்திலேயே தருகிறேன், நன்றாகவே பொருந்துகிறது. நம் 'அது'வில் த மெலிந்து ஒலிப்பது போலத்தான் ஸ்பானியத்தில் இரண்டு உயிருக்கு நடுவே வரும் த. 'எல்லாம்' என்று பொருள்படும் 'தோதோ'வைத் தமிழ் வழக்கப்படி வாசித்தாலே சரியாக வந்துவிடும். ஆனால் தியோஸ், தோஸ், தீயாஸ், தினேரோ இவற்றின் முதல் த-வை 'தினம்', 'தேசம்' மாதிரி மெலிதாகச் சொல்லுங்கள். வ என்று எழுதியிருக்கும் இடத்தில் உதட்டை லேசாக ஒட்டி, 'பஸ்'ஸில் வரும் ப-வை நோக்கிப் போங்கள். அவர்களுக்கு அந்த இரண்டும் ஒரே ஒலி. நாம் அதிகம் தொடாமல் வைத்திருக்கும் ஞ-வுக்கு அங்கே முழுநேர வேலை உண்டு.

முதல் படி: கிளம்புவது

'அதியோஸ்' எல்லாருக்கும் தெரியும். 'கடவுளிடம்' என்பதுதான் அதன் வேர்ப்பொருள். ஆனால் நாளைக்கே மறுபடி பார்க்கப்போகிற ஆளிடம் அதைச் சொன்னால் கொஞ்சம் கனமாக விழும். ஸ்பெயினின் சிற்றூர்களிலும் கோஸ்தா ரிக்காவிலும் தெருவில் எதிரே வருகிறவரிடம் நிற்காமல் கடந்துபோகும்போதும் 'அதியோஸ்' என்பார்கள். அங்கே அது விடைபெறுவதல்ல, வணக்கம்தான். புதிதாகப் போனவர் 'வந்ததும் விரட்டுகிறாரே' என்று நினைத்துக்கொள்ளக் கூடாது.

தினசரிக்கு வேண்டிய சொல் 'ஆஸ்தா'. 'வரை' என்று பொருள். அரபியிலிருந்து வந்தது. இதற்குப் பின்னால் அடுத்துச் சந்திக்கும் நேரத்தை ஒட்டிவிட வேண்டியதுதான். ஆஸ்தா லுவேகோ என்றால் அப்புறம் பார்க்கலாம். ஆஸ்தா மஞானா, நாளைக்குப் பார்க்கலாம். ஆஸ்தா எல் லூனெஸ், திங்கட்கிழமை பார்க்கலாம். 'ஆஸ்தா லுவேகோ' சொல்வதால் திரும்ப வர வேண்டிய கட்டாயம் இல்லை. ஸ்பெயினில் இனி பார்க்கவே போகாத கடைக்காரரிடமும் அதைச் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். நாம் 'போய்ட்டு வர்றேன்' சொல்வது மாதிரிதான். நண்பர்களிடம் 'நோஸ் வேமோஸ்' போதும். 'நாம் பார்த்துக்கொள்கிறோம்' என்று நிகழ்காலத்தில் இருக்கும், பொருள் 'பார்க்கலாம்'.

இனி தமிழ் காலை வாரும் இடம். யாராவது கூப்பிட்டால் 'இதோ வர்றேன்' என்கிறோம். ஸ்பானியத்தில் அங்கே 'வருகிறேன்' கிடையாது. நாம் நிற்கும் இடத்திலிருந்து அவர் இருக்கும் இடத்துக்கு நகர்வதால் அது 'போகிறேன்'தான்: யா வோய்! ஒருநாள் நண்பர் கீழே வந்து அழைப்புமணியை அழுத்தினார். நான் மேலேயிருந்து இன்டர்காமில் உற்சாகமாக 'யா வெங்கோ!' என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் 'தே தோந்தே?' என்று கேட்டார். எங்கிருந்து வருகிறாய் என்று. 'யா வெங்கோ' என்றால் 'வெளியே போய்விட்டு வந்துவிடுகிறேன்' என்றுதான் அவர் காதில் விழும். வாசலில் நிற்கிறவரிடம் சொல்கிற பேச்சா அது?

இரண்டாம் படி: நாளை, மறுநாள், வர்ற வாரம்

'மஞானா'வுக்கு இரண்டு பொருள். 'காலை'யும் அதுதான், 'நாளை'யும் அதுதான். அப்படியானால் நாளைக் காலை? மஞானா போர் லா மஞானா. கேட்க விளையாட்டாக இருக்கும், ஆனால் சரியான வழக்கு. நாளை மறுநாள் 'பஸாதோ மஞானா', அதாவது நாளையைத் தாண்டியது.

வரப்போகும் வாரம், மாதம், ஆண்டு எல்லாம் நமக்குச் சர்க்கரைப் பொங்கல். 'லா ஸெமானா கே வியேனே' என்பதைப் பிரித்தால் ஸெமானா வாரம், கே வியேனே வருகிற. வர்ற வாரம்! எல் மேஸ் கே வியேனே, வர்ற மாசம். எல் ஆஞோ கே வியேனே, வர்ற வருஷம். எதிர்காலத்துக்கே 'எல் ஃபுத்தூரோ' தவிர 'எல் போர்வெனீர்' என்று இன்னொரு சொல் உண்டு. 'வெனீர்' என்றால் வருதல், 'போர்' சேர்ந்தால் இனி வர இருப்பது. வருங்காலம் என்ற நம் சொல் அப்படியே அங்கே உட்கார்ந்திருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஆஞோவில் ஞ-வை அழுத்தமாகச் சொல்லுங்கள். ன-வாக நழுவினால் 'வருஷம்' உடம்பின் பின்பக்கத்து உறுப்பாகிவிடும். 'எனக்கு முப்பது வயசு' என்று சொல்ல வந்து வகுப்பே சிரிக்கும்படி ஆனவர்கள் நிறைய.

'இரண்டு நாளில்' என்பதற்கு 'தெந்த்ரோ தே தோஸ் தீயாஸ்'. 'இன்னும் இரண்டு நாள் இருக்கு' என்பதற்கு அவர்கள் 'இரு' போடுவதில்லை, 'குறை' என்கிற வினையைப் போடுகிறார்கள்: ஃபல்தான் தோஸ் தீயாஸ். பயணத்துக்கு மூன்று நாள் இருக்கிறது என்றால் மூன்று நாள் குறைகிறது என்ற கணக்கு. மிச்சமிருக்கும் பொருளுக்கு வேறு வினை. இரண்டு டிக்கெட்தான் மிச்சம் என்றால் 'கேதான் தோஸ்'.

'இப்போது' என்பது 'அஓரா'. மெக்ஸிகோவில் அதைச் செல்லமாக்கி 'அஓரித்தா' என்பார்கள். அகராதி 'இப்பவே' என்று சொல்லும், அகராதியை நம்பாதீர்கள். கடைக்காரர் 'அஓரித்தா' என்றால் இந்த நிமிடமாக இருக்கலாம், அரை மணி நேரமாக இருக்கலாம், நடக்காமலே போகலாம். முகத்தைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். நம் ஊர் டெய்லர் 'இதோ ஆயிடுச்சு' சொல்வதைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதில் பயிற்சி ஏற்கெனவே உண்டு. புவேர்த்தோ ரிக்கோ போன்ற கரீபியன் தீவுகளில் அதே சொல்லுக்கு 'அப்புறமா' என்றே பொருள்.

மெக்ஸிகோவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கடைக் கதவில் 'அப்ரீமோஸ் ஆஸ்தா லாஸ் தியேஸ்' என்று ஒட்டியிருந்தது. 'பத்து மணி வரை திறந்திருப்போம்' என்று படித்துக்கொண்டு காலை ஒன்பதுக்குப் போய் நின்றேன், பூட்டு தொங்கியது. ஸ்பெயினில் என் வாசிப்பு சரி. மெக்ஸிகோவிலும் அதன் தெற்கே சில நாடுகளிலும் இந்த 'ஆஸ்தா'வுக்கு 'தான்' என்ற பொருள் வந்துவிடுகிறது: பத்து மணிக்குத்தான் திறப்போம். எனவே அங்கே 'ஆஸ்தா' பார்த்தால் எப்போது திறப்பீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: எதிர்காலத்தைச் சொல்ல மூன்று வழி

முதல் வழி, ஒன்றும் செய்யாமல் நிகழ்காலத்திலேயே சொல்லிவிடுவது. மஞானா தே யாமோ. நாளைக்கு உன்னைக் கூப்பிடுகிறேன். நாமும் 'நாளைக்குக் கூப்பிடறேன்' என்றுதானே சொல்கிறோம், 'கூப்பிடுவேன்' என்றா? நேரத்தைக் குறிக்கும் சொல் ஒன்று பக்கத்தில் இருந்தால் போதும்.

இரண்டாவது, போகிறேன் சேர்த்துச் சொல்வது. வோய் அ கொமேர்: வோய் 'போகிறேன்', அ கொமேர் 'சாப்பிட'. சாப்பிடப் போகிறேன். வரிசை மட்டும் தலைகீழ். வோய், வாஸ், வா, வாமோஸ், வான் என்று ஐந்தை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள் (நான், நீ, அவர், நாம், அவர்கள்). ஸ்பெயினில் 'நீங்களெல்லாம்' என்பதற்கு வாய்ஸ் என்று ஆறாவது உண்டு. லத்தீன் அமெரிக்காவில் அங்கேயும் 'வான்'தான். பின்னால் எந்த வினையையும் மாற்றாமல் ஒட்டலாம். முதல் மூன்று மாதத்துக்கு இது ஒன்றே உங்களைக் காப்பாற்றும். 'வாமோஸ் அ வேர்' என்றால் பார்ப்போம். வாக்குக் கொடுக்க விருப்பமில்லாதபோது இது கைகொடுக்கும்.

மூன்றாவது, இலக்கண எதிர்காலம். கொமெரே, சாப்பிடுவேன். கொமெராஸ், சாப்பிடுவாய். கொமெரா, கொமெரேமோஸ், கொமெரான். முழு வினைச்சொல்லின் பின்னால் விகுதி ஒட்டுகிறது, எல்லா வினைவகைக்கும் அதே விகுதிகள். 'உடையவனாய் இருக்கிறேன்' என்ற லத்தீன் துணைவினை தேய்ந்து தேய்ந்து வாலாக ஒட்டிக்கொண்டதுதான் இது. 'சாப்பிட எனக்கு உண்டு' என்பது மாதிரியான அமைப்பு காலப்போக்கில் 'சாப்பிடுவேன்' ஆகியிருக்கிறது. அடங்காத வினைகள் 12தான். தென்த்ரே (என்னிடம் இருக்கும்), அரே (செய்வேன்), திரே (சொல்வேன்), போத்ரே (என்னால் முடியும்) என்ற நான்கை முதலில் பழகினால் மற்றவை தானாக வரும்.

பேச்சில், குறிப்பாக லத்தீன் அமெரிக்காவில், இந்த மூன்றாவது வழியைவிடப் 'போகிறேன்' வழிதான் அதிகம் கேட்கும். அப்படியானால் எதற்குப் படிக்க வேண்டும்? யூகிக்கத்தான்.

நான்காம் படி: யூகம்

கையில் கடிகாரம் இல்லை. மணி என்ன இருக்கும் என்று கேட்கிறோம். இந்த 'இருக்கும்' எதிர்காலமா? வடிவம் எதிர்காலம், பேசுவது இந்த நிமிடத்தைப் பற்றி. ஸ்பானியரும் இதையே செய்கிறார்கள். கே ஓரா ஸெரா? மணி என்ன இருக்கும்? ஸெரான் லாஸ் த்ரேஸ். மூணு இருக்கும். 'ஸெரா'வும் 'ஸெரான்'னும் அச்சு அசல் எதிர்கால வடிவங்கள்.

போனை எடுக்கவில்லையா? எஸ்தரா தூர்மியெந்தோ, தூங்கிக்கொண்டிருப்பான். யா அப்ரா யெகாதோ, இந்நேரம் போய்ச் சேர்ந்திருப்பான். ஆங்கிலம் வழியாகப் படித்தபோது என் புத்தகம் இதற்கு ஒரு தனிப் பாடமே ஒதுக்கி, 'எதிர்காலம் எதிர்காலத்தைக் குறிக்காத இடம்' என்று பயமுறுத்தியது. இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தமிழில் 'இருக்கும், போயிருப்பான்' என்று ஒருமுறை சொல்லிப் பார்த்திருந்தால் இரண்டு நிமிடம். இந்தப் படியில் பயிற்சி ஒன்றுதான்: பேருந்தில் எதிரே உட்கார்ந்திருப்பவரைப் பார்த்து, எங்கே வேலை செய்வார், எத்தனை வயது இருக்கும், எங்கே இறங்குவார் என்று மனதுக்குள் ஸ்பானியத்தில் யூகித்துக்கொண்டே வாருங்கள்.

ஐந்தாம் படி: வந்ததும், வந்தால்

பலரும் வருடக்கணக்கில் தப்பு செய்கிற இடம் இது. 'வீட்டுக்கு வந்ததும் கூப்பிடறேன்.' வருவது இனிமேல்தான், ஆனாலும் இப்படி '-போது', '-ததும்' என்ற பொருளில் வரும் 'குவாந்தோ'வுக்குப் பின்னால் எதிர்கால விகுதி வரவே வராது. குவாந்தோ யேகே அ காஸா, தே யாமோ. 'யேகே' என்பது இன்னும் நடக்காததற்கான தனி வடிவம். சப்ஜன்டிவ் என்பார்கள். 'ஆர்' என்று முடியும் வினைகளுக்கு ஏ, மற்றவற்றுக்கு ஆ என்று விகுதி இடம்மாறும். நீ வரும்போது என்பது 'குவாந்தோ வெங்காஸ்'.

'மழை பெய்தால்' என்பதற்கு அதுவும் தேவையில்லை, வெறும் நிகழ்காலம்: ஸி யுவேவே, நோ வோய். மழை பெய்தால் போக மாட்டேன். இதில் 'ஸி'க்குப் பின் எதிர்காலம் போட்டால் காதில் கல் விழுந்த மாதிரி இருக்கும். யோசித்தால் நாமும் 'வந்ததும்', 'பெய்தால்' என்று எதிர்கால இடைநிலை இல்லாமல்தான் சொல்கிறோம். 'வருவதும் கூப்பிடறேன்' என்று யார் சொல்வார்கள்?

மழை பெய்யட்டும் என்று ஆசைப்பட்டால்? ஒஹலா யுவேவா. இந்த 'ஒஹலா' அரபு மொழி பேசியவர்கள் ஐபீரியாவில், அதாவது ஸ்பெயினும் போர்ச்சுகலும் இருக்கும் தீபகற்பத்தில், விட்டுப்போனது. 711இல் வந்தார்கள், 1492இல் கிரனாதாவில் அவர்களுடைய கடைசி அரசும் வீழ்ந்தது. சொல் மட்டும் போகவில்லை. 'அல்லாஹ் நாடினால்' என்பது அதன் வேர். கத்தோலிக்கப் பாட்டிமார் நாளைக்கு நூறு தடவை அதைச் சொல்கிறார்கள். அதோடு 'ஸி தியோஸ் கியேரே'வும் உண்டு, ஆண்டவர் நினைத்தால். வருங்காலத்தைப் பற்றி உறுதியாக எதையும் சொல்லிவிடக் கூடாது என்ற அந்தத் தயக்கம் நமக்குப் புதிதில்லை.

ஆறாம் படி: தீர்ந்துபோச்சு

முடிவுக்கு இரண்டு வினைகள்: தெர்மினார், அக்கபார். வேலையை முடித்தேன் என்பதற்கு எதுவும் பொருந்தும். ஆனால் வீட்டில் புழங்கும் சொல் 'அக்கபார்'தான். ஸே அக்கபோ எல் பான், ரொட்டி தீர்ந்துபோச்சு. யாருக்குத் தீர்ந்தது என்று சொல்ல நடுவில் ஒரு 'மே' வைத்தால் போதும்: ஸே மே அக்கபோ எல் தினேரோ, எனக்குக் காசு தீர்ந்துபோச்சு. காசு எழுவாய், நான் நான்காம் வேற்றுமை. குற்றம் காசினுடையது, என்னுடையதல்ல! செல்போனில் சார்ஜ் தீர்ந்தாலும் அதே வடிவம்: ஸே மே அக்கபோ லா பத்தெரீயா. தனியாக 'ஸே அக்கபோ!' என்று குரலை உயர்த்தினால் 'இத்தோட நிறுத்து' என்று பொருள். குழந்தைகளை அதட்டும் அம்மாக்கள் வாயில் அடிக்கடி வரும்.

'இப்பத்தான் சாப்பிட்டேன்' என்பதும் இதே வினைதான்: அக்காபோ தே கொமேர். அழுத்தத்தைக் கவனியுங்கள். அக்கா-வில் அழுத்தினால் 'நான் இப்பத்தான்', கடைசி போ-வில் அழுத்தினால் 'முடிந்தது'. ஓர் ஆளோடு சேர்க்கும்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். காதல் முறிந்தது என்று சொல்ல லத்தீன் அமெரிக்காவில் 'தெர்மினே கொன் எல்' என்பார்கள். அதையே 'அக்கபே கொன் எல்' என்றால் அவனைத் தீர்த்துக்கட்டிவிட்டேன் என்று ஆகிவிடும்.

பழக்கத்தை நிறுத்துவது 'தெஹார் தே'. தெஹே தே ஃபுமார், சிகரெட்டை விட்டுட்டேன். கடையில் 'வேற ஏதாவது?' என்றால் 'நாதா மாஸ்', அவ்வளவுதான். வேலை முடிந்து கையைத் தட்டிக்கொள்ளும்போது 'யா எஸ்தா', ஆச்சு. பால் பாக்கெட்டில் காலாவதித் தேதி ஸ்பெயினில் 'கதுஸிதாத்', லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் 'வென்ஸிமியெந்தோ'. படிவத்தில் 'ப்ளாஸோ' கண்டால் அது கெடு.

ஏழாம் படி: மூன்று ஃபின்

'ஃபின்' முடிவு. அதன் முன்னால் வரும் ஒரு சின்னச் சொல் பொருளையே மாற்றும். நாற்பது நிமிடம் காத்திருந்து பேருந்து வந்தால் 'போர் ஃபின்!', ஒருவழியா வந்துச்சு! படத்தில் கடைசியில் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்றால் 'அல் ஃபினால் ஸே காஸான்'. இங்கே நிம்மதி ஏதும் இல்லை, வெறும் தகவல். வீட்டு வாடகை, மேலதிகாரி, மூட்டு வலி என்று பத்து நிமிடம் புலம்பிவிட்டுப் பெருமூச்சோடு 'என் ஃபின்...' என்றால், சரி, விடுங்க. மூன்றையும் மாற்றிப் போட்டால் வரும் பேருந்தைப் பார்த்து 'சரி, விடு' என்று சொன்ன ஆளாவீர்கள். வாரக்கடைசி 'ஃபின் தே ஸெமானா'. சம்பளம் மாசக் கடைசி வரை எட்டவில்லை என்றால் 'நோ யேகோ அ ஃபின் தே மேஸ்', மாசக் கடைசிக்கு நான் போய்ச் சேரவில்லை.

குழந்தைக் கதைகளுக்குத் தனி முடிப்பு உண்டு. 'கொலொரீன் கொலொராதோ, எஸ்தே குவெந்தோ ஸே ஆ அக்கபாதோ.' பின்பாதி 'இந்தக் கதை முடிஞ்சது'. முன்பாதிக்கு எதுகையைத் தவிரப் பெரிய பொருள் இல்லை. கதை முடிஞ்சது, கத்தரிக்காய் காய்ச்சது! அதற்கு முன் இளவரசனும் இளவரசியும் 'சந்தோஷமாக வாழ்ந்து கௌதாரி தின்றார்கள்' என்பார்கள். கௌதாரி வந்ததும் எதுகைக்காகத்தான்: ஃபெலீஸெஸ், பெர்தீஸெஸ்.

கடைசியாக, 'கடைசி' என்ற சொல். அது 'உல்திமா'. ஸ்பெயினில் மதுக்கடையில் நண்பர்களோடு உட்கார்ந்திருந்தபோது கற்ற சொல்லைக் காட்டிக்கொள்ளும் ஆர்வத்தில் 'லா உல்திமா' என்று கையைத் தூக்கினேன், இதுதான் கடைசிக் கோப்பை என்று. மேசையில் நாலு பேரும் ஒரே குரலில் 'லா பெனுல்திமா!' என்று திருத்தினார்கள். கடைசிக்கு முந்தியது. கடைசி என்று வாயால் சொன்னால் அது நிஜமாகவே கடைசியாகிவிடுமாம். அரிசி தீர்ந்தால் 'நிறைஞ்சிருக்கு' என்று சொல்லும் வீட்டில் வளர்ந்தவனுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அன்றைக்கு அதற்குப் பிறகு இன்னும் மூன்று பெனுல்திமா வந்தன.